'ஈவில் டெட்' ரீபூட்: ரத்தம் நிறைய, பேய் எங்கே?

நிலவறைச்சாவி (இழையைத் தொடங்கியவர்)

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், 1981-இல் வந்த 'ஈவில் டெட்', அதையே 2013-இல் புதிதாக எடுத்த ரீபூட், இரண்டின் முடிவையும் போட்டு உடைத்துத்தான் பேசப்போகிறேன். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

ஃபெடே அல்வாரெஸ் இயக்கிய 2013 'ஈவில் டெட்'டை மறுபடியும் பார்த்தேன். வெளிவந்த புதிதில் இருந்த கோபம் இப்போது இல்லை. மொக்கையான ரீபூட் என்றால் இரண்டு வரி திட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். இது அப்படி இல்லை, நன்றாகவே எடுத்திருக்கிறார்கள். ஆனாலும் படம் முடிந்ததும் விளக்கை அணைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கிவிட்டேன். பழைய படம் என்னை அப்படித் தூங்கவிட்டதே இல்லை. ஏன் என்று யோசித்ததைத்தான் இங்கே கொட்டுகிறேன்.

முதலில் பாராட்டவேண்டியதைப் பாராட்டிவிடுவோம். காட்டுக்குள் ஒரு பாழடைந்த மரவீடு, ஐந்து பேர், படிக்கக்கூடாத ஒரு புத்தகம். இந்த மாதிரிக் கதையில் யாருக்கும் வரும் கேள்வி, பேய் இருக்கிறது என்று தெரிந்ததும் கிளம்பிப் போகவேண்டியதுதானே என்பது. பழைய படம் பாலத்தை உடைத்துப்போட்டுக் கதையை ஓட்டியது. புதியதில் மியா ஹெராயின் பழக்கத்தை விடுவதற்காக வந்திருக்கிறாள். ஏற்கெனவே ஒருமுறை விடுகிறேன் என்று சொல்லி மீண்டும் அதிலேயே விழுந்தவள். இந்த முறை என்ன கெஞ்சினாலும் விடக்கூடாது என்று நண்பர்கள் பேசி வைத்திருக்கிறார்கள். அதனால் 'இங்கே என்னவோ இருக்கிறது, என்னைக் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள்' என்று அவள் கதறும்போது யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. மருந்து கிடைக்காத தவிப்பு, பொய் சொல்கிறாள் என்றுதான் நினைக்கிறார்கள். எழுத்தில் இது அபாரமான திருத்தம். சொல்வது உண்மை, ஆனால் சொல்பவளை நம்ப யாருமில்லை. இதை வைத்தே முழுப் படத்தையும் ஓட்டியிருக்கலாம்.

ஓட்டவில்லை. மியா துப்பாக்கியோடு வந்து சொந்த அண்ணனையே சுட்டு, எல்லோரும் இன்றிரவு சாகப்போகிறீர்கள் என்று வேறு குரலில் சொன்ன பிறகு சந்தேகத்துக்கு இடமேது? அப்புறம் மின்சாரக் கத்தி, ஆணித் துப்பாக்கி, கண்ணாடித் துண்டு என்று கருவிகளின் அணிவகுப்புதான். ஒவ்வொன்றும் கூசவைக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கூச்சம் வேறு, பயம் வேறு.

இப்போது என் முக்கியமான புகார். பழைய படத்தில் பேய் யார்? வெள்ளைக் கண்ணோடு எகிறிக் குதிக்கிறவர்கள் பேய் பிடித்தவர்கள், அவ்வளவுதான். பேய் என்றால் அது கேமராதான். முதல் ஷாட்டிலேயே சதுப்பு நீரின்மேல் தவழ்ந்து வருகிறது. மரங்களுக்கு நடுவே ஓடுகிறது. ஜன்னலுக்கு வெளியே நின்று எட்டிப் பார்க்கிறது. கடைசி ஷாட்டில் வீட்டின் பின்பக்கமாகப் புகுந்து, கதவுகளை உடைத்துக்கொண்டு முன்வாசல் வழியாக நாயகன் ஆஷ் மேல் பாய்கிறது. கடைசிவரை அதற்கு உடம்பே கிடையாது. நாம் யாருடைய கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறோமோ அதுதான் கொல்ல வருகிறது. இதைவிட அசிங்கமான இடத்தில் ஒரு இயக்குநர் ரசிகனை உட்காரவைக்க முடியுமா?

இத்தனைக்கும் இது பஞ்சத்தில் பிறந்த யோசனை. அதன் இயக்குநர் சாம் ராய்மிக்குப் படப்பிடிப்பு தொடங்கியபோது 20 வயது. மொத்தச் செலவே சுமார் 3,75,000 டாலர்தான். ஓடும்போதும் கேமரா குலுங்காமல் பிடிக்கும் ஸ்டெடிகேமுக்குக் காசில்லாமல் ஒரு மரச்சட்டத்தின் நடுவில் கேமராவைத் திருகி, ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு டென்னசி காட்டுக்குள் ஓடினார்கள். 2013 படத்துக்கு 1.7 கோடி டாலர் இருந்தது. எல்லாவற்றையும் காட்ட முடிந்தது, காட்டினார்கள்.

ஒரே ஒரு காட்சியைச் சொல்லி முடிக்கிறேன். 1981-இல் லிண்டாவும் ஷெல்லியும் மறைத்துவைத்த சீட்டு என்னவென்று ஊகிக்கும் விளையாட்டு ஆடுகிறார்கள். ஷெரில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருக்கிறாள். திடீரென்று, திரும்பிப் பார்க்காமலே, அடுத்தடுத்த சீட்டுகளை அவள் சொல்ல ஆரம்பிக்கிறாள். எல்லாம் சரியாக இருக்கிறது. சொல்லச் சொல்ல வேகம் கூடுகிறது, குரல் கரகரக்கிறது. திரும்பும்போது முகம் அவளுடையது இல்லை. அடுத்து ஒரு பென்சில், லிண்டாவின் கணுக்கால். இந்த வரிசையைப் பாருங்கள்: விளையாட்டு, ஆச்சரியம், அசௌகரியம், அலறல். ரத்தம் கடைசியில்தான் வருகிறது. புதிய படத்தில் ரத்தம் வரிசையில் முதல் ஆளாக நிற்கிறது.

ரத்தமழை

அண்ணா, நீண்ட பதிவு, முழுக்கப் படித்தேன், முழுக்க உடன்படவில்லை.

நான் 2013 படத்தைத்தான் முதலில் பார்த்தேன். அப்புறம் எல்லோரும் ஆகா ஓகோ என்கிறார்களே என்று 1981 படத்தைப் போட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், பல இடங்களில் சிரிப்புதான் வந்தது. கடைசியில் உடல்கள் உருகும் இடம் களிமண் பொம்மை மாதிரி இருக்கிறது. நீங்கள் அதை எந்த வயதில், எந்த மனநிலையில் பார்த்தீர்களோ, அந்தப் பயத்தை எங்கள் தலையில் கட்டினால் எப்படி?

கேமராதான் பேய் என்பது அழகான வாதம். ஆனால் அந்த ஷாட் புதிய படத்திலும் இருக்கிறது. எரிக் புத்தகத்தை வாசித்ததும் காட்டுக்குள்ளிருந்து கேமரா சீறிக்கொண்டு மியாவை நோக்கி வருகிறதே?

இன்னொன்று, நீங்கள் கருவிகளின் அணிவகுப்பு என்று தள்ளிவிட்ட இடத்தில்தான் படத்தின் சாதனையே இருக்கிறது. பெரும்பாலும் சிஜி (கணினி வரைகலை) இல்லாமல் எடுத்திருக்கிறார்கள். ரத்தமழை க்ளைமாக்ஸில் மியாவின் கை ஜீப்புக்கு அடியில் மாட்டிக்கொள்கிறது. வேறு வழியில்லாமல் அவளே அதைப் பிய்த்துக்கொண்டு எழுந்து, மிச்சமிருக்கும் கையில் செயின்சாவை ஏந்துகிறாள். மியாவாக நடித்த ஜேன் லெவி அந்தப் படத்துக்காக என்ன பாடுபட்டிருப்பார்! ரோக்கே பன்யோஸின் இசையில் சங்கு மாதிரி ஏறி இறங்கும் அந்த ஓலம் இருக்கிறதே, இருட்டில் அது ஒன்றே போதும்.

மூன்றாம்வரிசை

ஐந்து பேர் காட்டுக்குப் போகிறார்கள், முள்கம்பி சுற்றி வைத்த புத்தகத்தைப் பிரித்துச் சத்தமாக வேறு படிக்கிறார்கள். எனக்கு ரீபூட்மேல் கோபமில்லை, எரிக்மேல்தான்.

பழையரீல்

எரிக்கை விடுங்கள் பாஸ், அவன் இல்லையென்றால் படமே இல்லை.

சிஜி பேச்சு வந்ததால் ஒரு விஷயம். கையால் செய்த வித்தை, கணினியில் செய்த வித்தை என்ற சண்டையில் 'ஈவில் டெட்' 2013 நல்ல பிள்ளை. மற்ற ரீபூட்களோடு வைத்துப் பார்த்தால்தான் அதன் அருமை தெரியும்.

'எ நைட்மேர் ஆன் எல்ம் ஸ்ட்ரீட்', 1984. நான்சி தூங்கிக்கொண்டிருக்கிறாள். தலைக்கு மேலே சுவரிலிருந்து, கனவில் வந்து கொல்லும் ஃப்ரெடி புடைத்துக்கொண்டு குனிகிறான். அந்த இடத்தில் சுவருக்குப் பதிலாக இழுத்துக் கட்டிய ஸ்பாண்டெக்ஸ் துணி. பின்னாலிருந்து ஒரு ஆள் முகத்தையும் கையையும் வைத்து அழுத்துகிறார். வித்தை அவ்வளவுதான். முகம் வந்துபோன பிறகு சுவர் சாதாரணமாக இருக்கிறது, நான்சி எழுந்து அதைத் தட்டிப் பார்க்கிறாள். 2010 ரீபூட்டில் அதே காட்சியைக் கணினியில் செய்தார்கள். உருவம் இன்னும் நீளமாக வருகிறது, இன்னும் நிறையத் தெரிகிறது. ரப்பர் பொம்மையைப் பார்க்கிற உணர்வுதான் மிச்சம். ஃப்ரெடியாக வந்த ஜாக்கி எர்ல் ஹேலி நல்ல நடிகர், அவரை வைத்துக்கொண்டே இப்படி.

'தி திங்' கதை இன்னும் சோகம். ஜான் கார்ப்பென்டரின் 1982 படத்துக்கு ராப் பாட்டின் செய்த உருவங்களை இன்றைக்கும் யாராலும் தாண்ட முடியவில்லை. நெஞ்சு வாய்போலத் திறந்து மருத்துவரின் இரண்டு கைகளையும் கடித்துத் துண்டாக்கும் காட்சிக்கு, நிஜமாகவே இரு கைகளையும் இழந்த ஒருவருக்குப் பொய்க்கைகள் மாட்டி எடுத்தார்கள். 2011-இல் அதன் முன்கதையை எடுத்தபோது அமால்கமேட்டட் டைனமிக்ஸ் நிறுவனம் கையால் இயங்கும் உருவங்களைச் செய்துகொடுத்தது, படப்பிடிப்பிலும் பயன்படுத்தினார்கள். கடைசியில் அவற்றில் பெரும்பாலானவற்றின்மேல் சிஜியைப் போட்டு மூடிவிட்டார்கள். நொந்துபோன அந்த நிறுவனத்தைச் சேர்ந்த அலெக் கில்லிஸ், ரசிகர்களிடம் பணம் திரட்டி, கையால் செய்த உருவங்களை வைத்தே 'ஹார்பிஞ்சர் டவுன்' என்று தனியாக ஒரு படம் எடுத்தார். படம் சுமார்தான். ஆனால் அந்த வீம்பு எனக்குப் பிடிக்கும்.

ரீமேக் என்றாலே குப்பை என்று இங்கே யாரும் கிளம்பிவிடாதீர்கள். கார்ப்பென்டரின் 'தி திங்' படமே 1951-இல் ஏற்கெனவே படமான ஒரு கதைதான். க்ரோனென்பர்கின் 'தி ஃப்ளை' 1958 படத்தின் மறு ஆக்கம். இரண்டும் பழசைத் தூக்கிச் சாப்பிட்டன.

நிலவறைச்சாவி

ரத்தமழை தம்பிக்கு முதலில்.

சிரிப்பு வந்தது என்றாயே, வரத்தான் வேண்டும். நிலவறை மூடிக்குக் கீழே பூட்டப்பட்ட ஷெரில் இடுக்கு வழியாகக் கெக்கலிப்பதையும், லிண்டா தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து குழந்தைபோலப் பாடுவதையும் சிரிக்காமல் எப்படிப் பார்ப்பது? சிரித்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பாட்டு நிற்கமாட்டேன் என்கிறது. அங்கேதான் வயிற்றில் புளியைக் கரைக்கிறது. பேய்க்கு இது விளையாட்டு. இவர்களைக் கொல்ல அதற்கு அவசரமே இல்லை. 2013 பேய்க்கு அந்தத் திமிர் கிடையாது. ஐந்து ஆன்மாக்களை விழுங்கினால் தலைவர் மேலே வருவார் என்று ஒரு பட்டியல் போட்டுக் கொடுத்துவிட்டார்கள், அது பாவம் வேலையைப் பார்க்கிறது. விதிமுறை வந்ததும் பயம் பாதி போய்விட்டது. புத்தகத்தில் படம் வரைந்து பாகம் குறித்திருக்கிறது, அடுத்து என்ன நடக்கும் என்று எரிக் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துச் சொல்கிறான்!

அந்தக் காட்டு ஷாட் புதியதிலும் இருக்கிறது என்பது சரி. இருக்கிறது, வந்து மியாவைத் தொட்டதோடு அதன் வேலை முடிந்தது. பழைய படத்தின் கார் துருப்பிடித்துப்போய் அந்த வீட்டருகே நிற்கிறது, மியா அதன்மேல் உட்கார்ந்திருக்கிறாளே, அந்த வகைதான். ரசிகர்களுக்கு ஒரு கண்சிமிட்டல். 1981-இல் அந்தக் கேமராதான் வீட்டுச் சொந்தக்காரன். ஸ்காட் சாவியை எடுக்கக் கதவை நோக்கி நடக்கும்போது வாசல் ஊஞ்சல் சுவரில் டம் டம் என்று மோதிக்கொண்டே இருக்கிறது. அவன் கை வைத்ததும் சட்டென்று நிற்கிறது. ஒரு சொட்டு ரத்தம் இல்லை, ஒரு டாலர் செலவில்லை. வந்துவிட்டீர்களா என்று வீடு கேட்டாகிவிட்டது.

பழையரீல் சொன்னதில் எனக்கு ஒரு கிளைக்கேள்வி. கையால் செய்தால் போதும் என்றால் 2013 படம் என்னைப் பயமுறுத்தியிருக்கவேண்டுமே? அதில் எல்லாம் நிஜ ரப்பர், நிஜ ரத்தக்குழம்பு. ஃப்ரெடி சுவரில் என்னைப் பிடித்தது துணி மட்டும் இல்லை என்று நினைக்கிறேன். நான்சி தூங்குகிறாள், நமக்குத் தெரிவது அவளுக்குத் தெரியாது. துணி அந்த நேரத்தில் வருவதால்தான் வேலை செய்கிறது.

கல்லறைப்பூ

நான்கு பேர் பேசி ஒருவர்கூட அந்த மரக் காட்சியைத் தொடவில்லை, ஆச்சரியமாக இருக்கிறது.

1981 படத்தில் ஷெரிலை மரக்கிளைகள் பலாத்காரம் செய்யும் காட்சியை என்னால் இன்றுவரை முழுதாகப் பார்க்க முடிந்ததில்லை. அது பயம் என்ற வகையில் சேராது. அதை எடுத்ததற்கு ராய்மியே பின்னாளில் வருத்தப்பட்டிருக்கிறார். 2013-இல் அந்தக் காட்சியைத் தூக்கியெறியும் வாய்ப்பு இருந்தும் தூக்கவில்லை, வேறு வடிவில் வைத்தார்கள். இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் என் திட்டு.

ஆனால் ஒன்று, பழைய படத்தில் பெண்கள் மூவரும் பேய் பிடிப்பதற்கென்றே வந்தவர்கள். ஆஷ் தப்பிக்க, அவர்கள் சிதைய. புதியதில் முதலில் பேய் பிடிக்கிற பெண்தான் கடைசியில் உயிரோடு நிற்கிறாள். அண்ணன் அவளை உயிரோடு புதைத்து, பேய் போனபிறகு தோண்டி எடுத்து, கார் பேட்டரியை வைத்து இதயத்தை ஓடவைக்கிறான். கேட்டால் அபத்தம், பார்த்தால் கண் கலங்குகிறது. போதைப் பழக்கத்தோடு மாரடித்தவர்கள் வீட்டிலிருந்து பார்த்தால் அந்த இடம் இன்னும் உறைக்கும். நிலவறைச்சாவி அந்த யோசனையைப் பாதியில் விட்டுவிட்டார்கள் என்றார். நான் அப்படி நினைக்கவில்லை. நடுவில் காணாமல் போகிறது, முடிவில் திரும்பி வருகிறது. செத்துப் பிழைத்தால்தான் இதிலிருந்து வெளியே வரமுடியும் என்பதுதானே அந்தக் காட்சி?

புதுமுகம்07

எல்லோரும் அடித்துக்கொள்வதைப் பார்த்தால் ஆசையாக இருக்கிறது. நான் எதையுமே பார்த்ததில்லை. எதில் தொடங்கலாம்? ரத்தம் கொஞ்சம் தாங்குவேன், ரொம்ப இல்லை.

பழையரீல்

ரொம்பத் தாங்கமாட்டேன் என்றால் 2013 பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள். 1981, அடுத்து 1987-இல் வந்த இரண்டாம் பாகம், அடுத்து 1992 'ஆர்மி ஆஃப் டார்க்னஸ்'. பிந்தைய இரண்டும் காமெடிக்கு ஏறிக்கொண்டே போகும், பயப்படவேண்டாம். ஆஷாக நடித்த ப்ரூஸ் கேம்பல் தன் கையோடு தானே சண்டை போடுவது இரண்டாம் பாகத்தில்தான்.

ரத்தமழை

நல்லவேளை இரண்டாம் பாகத்தை ஞாபகப்படுத்தினீர்கள். முதல் ரீமேக்கை எடுத்ததே ராய்மிதானே! 1987 படத்தின் ஆரம்ப நிமிடங்களில் முதல் படத்தின் கதையையே ஆஷ், லிண்டா இருவரை மட்டும் வைத்துத் திரும்ப எடுத்திருப்பார். மற்ற மூன்று பேர் இருந்த சுவடே இல்லை. அவர் மாற்றினால் மேதைமை, அல்வாரெஸ் மாற்றினால் துரோகமா? இத்தனைக்கும் 2013 படத்தின் தயாரிப்பாளர்களே ராய்மி, ராபர்ட் டாபர்ட், கேம்பல் மூவரும்தான்.

பாலம் உடைந்தது நல்ல காரணம் இல்லை என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள். அல்வாரெஸ் அதற்கு ஒரு மனிதக் காரணம் கண்டுபிடித்தார். அந்த ஒன்றுக்காகவே அவருக்கு மதிப்பெண் போடலாம்.

நிலவறைச்சாவி

துரோகம் என்று நான் எங்கே சொன்னேன்? மாற்றியதில் எனக்கு வருத்தமே இல்லை. மாற்றவேண்டியதை மாற்றாமல், விட்டுவிடக்கூடாததை விட்டுவிட்டார் என்கிறேன். அதே மரவீடு, அதே நிலவறை, அதே செயின்சா, எல்லாவற்றையும் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டு கேமராவை மட்டும் வெளியே அனுப்பிவிட்டார்.

கல்லறைப்பூ சொன்னதை யோசித்துக்கொண்டிருக்கிறேன். புதைத்து எடுக்கும் காட்சியை நான் வெறும் கதைத் திருப்பமாகத்தான் பார்த்திருந்தேன். முடிவில் திரும்பி வருகிறது என்பது நல்ல வாசிப்பு. இருந்தாலும் நடுவில் அந்த நாற்பது நிமிடம் எங்கே போனது என்ற கேள்வி எனக்குப் போகவில்லை.

நான் சொல்ல வருவதற்கு நல்ல சாட்சி லீ க்ரோனின் எடுத்த 'ஈவில் டெட் ரைஸ்', 2023. மரவீட்டைக் கதையிலிருந்தே ஏறக்குறைய தூக்கிவிட்டு, லாஸ் ஏஞ்சலிஸில் இடிக்கப்போகிற ஓர் அடுக்குமாடிக் கட்டடத்துக்குப் போய்விட்டார். படம் காட்டுக்குள் சீறும் அதே கேமராவோடு தொடங்குகிறது, நாமும் நிமிர்ந்து உட்காருகிறோம், கடைசியில் பார்த்தால் யாரோ விடும் ட்ரோன்! சிரித்துவிட்டேன். ரசிகனுக்கு என்ன ஞாபகம் இருக்கிறது என்று தெரிந்த ஆள் செய்கிற குறும்பு அது.

அப்புறம் அந்தக் கதவுத்துளைக் காட்சி. பேய் பிடித்த தாய் வெளியே தாழ்வாரத்தில் அண்டை வீட்டாரை ஒவ்வொருவராக முடிக்கிறாள். நாம் உள்ளே, கதவின் சின்னக் கண்ணாடித் துளை வழியாகப் பார்க்கிறோம். கேமரா அசைவதே இல்லை. அவள் சட்டகத்துக்குள் வருகிறாள், போகிறாள், சிலது தெரிகிறது, சிலது சத்தமாக மட்டும் வருகிறது. ராய்மி கேமராவை ஓடவிட்டார், க்ரோனின் கட்டிப்போட்டார். இரண்டு பேருமே நம் கண்ணை எங்கே வைப்பது என்று யோசித்திருக்கிறார்கள். 2013-இல் அப்படி ஒரு இடம் இருந்தால் யாராவது சொல்லுங்கள், மறுபடியும் போட்டுப் பார்க்கிறேன்.

ரத்தமழை

சொல்கிறேன். ஒலிவியா குளியலறையில் இருக்கும் காட்சி. எரிக் கதவைத் திறந்துகொண்டு போகிறான், அவள் முதுகைக் காட்டி உட்கார்ந்து தனக்குத்தானே என்னவோ செய்துகொண்டிருக்கிறாள். முகத்தைக் காட்டும்வரை எவ்வளவு நேரம் இழுக்கிறார் பாருங்கள். உங்கள் ஷெரில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாளே, அதே முதுகுதான் அண்ணா.

நிலவறைச்சாவி

அடப்பாவி, நல்ல இடத்தில் பிடித்தாய். அந்த முதுகு எனக்கும் பிடிக்கும். ஆனால் அவள் திரும்பியபிறகு எவ்வளவு நேரம் அடித்துக்கொள்கிறார்கள் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடு. ஷெரில் திரும்பி, பேசி, பென்சிலை எடுத்துக் குத்துவதற்குள் ராய்மி முடித்துவிட்டார்.

புதுமுகம்07

1981 படத்தைப் பார்த்துவிட்டேன். ரத்தமழை சொன்ன மாதிரி உருகும் காட்சியில் சிரித்தேன். நிலவறைச்சாவி சொன்ன மாதிரி ஊஞ்சல் நின்றதும் படத்தையும் கொஞ்ச நேரம் நிறுத்திவைத்தேன். இரண்டு பேரும் அடித்துக்கொள்ளுங்கள், நான் இரண்டாம் பாகத்துக்குப் போகிறேன்.

மூன்றாம்வரிசை

ஆனால் புத்தகத்தைப் படித்தது எரிக்தான். அதை யாரும் மறக்கவேண்டாம்.